மீன் தெரிந்தவரின் இந்தியா

இந்தியச் சாப்பாட்டைத் தேடிக்கொண்டு கேமராவோடு வந்து இறங்கிய வெளிநாட்டுச் சமையல் நிபுணர்கள் நிறையப் பேர். 2001-இல் கீத் ஃபிளாய்ட் வந்தார். 2010-இல் கோர்டன் ராம்சே வந்தார். கிடைத்ததை எல்லாம் நான் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்து முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து போடவைத்தது ஒரே ஒரு தொடர்தான்: 2013-இல் பிபிசி டூ ஒளிபரப்பிய ‘ரிக் ஸ்டைன்ஸ் இந்தியா’. மொத்தம் ஆறு பகுதிகள். ஒரு பகுதி விடாமல் எனக்கு மனப்பாடம். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்!

ஏன் இவ்வளவு பிடித்தது என்று கேட்டால் என் பதில் மாறுவதே இல்லை. அந்த மனிதருக்கு மீன் தெரியும். மீன் தெரிந்த ஒருவர் இந்தியாவைச் சுற்றினால், மற்றவர்கள் கண்ணில் படாத இந்தியா அவர் கண்ணில் படுகிறது. மற்றவர்கள் மசாலாவில் மூழ்கிவிடுகிறார்கள். மிளகாய் காரத்தில் கண் கலங்குவதைக் காட்டி ஒரு பகுதியை ஓட்டிவிடுகிறார்கள். ஸ்டைன் முதலில் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பது மீன் எப்படி இருக்கிறது என்பதைத்தான். மசாலாவைப் பற்றிய கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வால். அங்கே கடலோரத்தில் பேட்ஸ்டோ என்ற சின்ன மீன்பிடித் துறைமுகம். 1975-இல் ரிக் ஸ்டைனும் ஜில் ஸ்டைனும் சேர்ந்து அங்கே ஓர் உணவகம் திறந்தார்கள். பெயர் எதற்கு வளைத்து வளைத்து என்று ‘தி சீஃபுட் ரெஸ்டாரண்ட்’ என்றே வைத்துவிட்டார்கள். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் படித்த மனிதர், கடைசியில் மீன் சமைப்பவராக ஆனார். தொலைக்காட்சிக்கு அவர் வந்ததும் மீன் வழியாகத்தான். எண்பதுகளில் டேவிட் பிரிட்சர்ட் என்பவர் கீத் ஃபிளாய்டை வைத்து ‘ஃபிளாய்ட் ஆன் ஃபிஷ்’ என்ற தொடரை எடுத்தார். அதில் பேட்ஸ்டோ சமையற்காரராக ஸ்டைன் தலைகாட்டினார். 1995-இல் அதே பிரிட்சர்ட் ‘டேஸ்ட் ஆஃப் த சீ’ தொடரில் ஸ்டைனையே முன்னால் நிறுத்தினார். அதிலிருந்து இருவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். பிரான்ஸ், மத்தியதரைக் கடல், தென்கிழக்கு ஆசியா, ஸ்பெயின் எல்லாம் முடித்துவிட்டு இந்தியாவுக்கு வருகிறார்கள். அதற்கு முன்பே, 1999-இல் வந்த ‘சீஃபுட் ஒடிஸி’யில், கோவா மீன் சமையலை ஸ்டைன் ருசி பார்த்துவிட்டார். ஆகையால் இந்தத் தொடரில் அவர் புது ஆள் மாதிரி திருதிருவென்று முழிப்பதில்லை. பழகிய ஊருக்கு வந்த தெளிவு அவர் முகத்தில் இருக்கிறது.

இந்தத் தொடரின் அருமை புரிய, பிரிட்டிஷ்காரர்கள் இந்தியச் சாப்பாடு என்று எதைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலான ‘இந்தியன் ரெஸ்டாரண்ட்’களை நடத்தியவர்கள் வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கத்திலிருந்து போன உழைப்பாளிகள். அவர்கள் அந்த ஊர் நாக்குக்குத் தகுந்தபடி ஒரு பட்டியல் வைத்தார்கள். கோர்மா என்றால் காரமே இல்லை, மெட்ராஸ் என்றால் காரம், விண்டலூ என்றால் கண்ணில் தண்ணீர் வரும் காரம். ஒரே அடிக்குழம்பில் காரத்தைக் கூட்டியும் குறைத்தும் கிடைப்பவை இவை. 2001-இல் சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டனின் உண்மையான தேசிய உணவு என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சூழலில் முதல் கதவைத் திறந்தவர் டெல்லியில் பிறந்த நடிகை மதுர் ஜாஃப்ரி. லண்டனில் நாடகம் படிக்கப் போன இடத்தில் அம்மா எழுதிய கடிதங்களைப் பார்த்துச் சமையல் கற்றுக்கொண்டவர் அவர். 1982-இல் பிபிசியில் அவர் சமைத்துக் காட்டிய பிறகுதான் கொத்தமல்லித் தழையும் சீரகமும் அங்கே சாதாரண வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தன. 1995-இல் ‘ஃபிளேவர்ஸ் ஆஃப் இந்தியா’ என்று மாநிலம் மாநிலமாகச் சுற்றியும் காட்டினார். ஸ்டைன் நடந்தது அந்த அம்மாள் போட்ட பாதையில்தான். அதைச் சொல்லாமல் ஸ்டைனைப் புகழ்வது நியாயம் ஆகாது.

‘மிகச் சிறந்த கறியைத் தேடி’ என்று தொடருக்கு ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள். அது தொலைக்காட்சிக்காக வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறதா என்று நான் கவலைப்பட்டதே இல்லை. தேடுகிற வழியில் அவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்கிறார், எந்தச் சட்டியை எட்டிப் பார்க்கிறார் என்பதுதான் எனக்கு விருந்து.

தொடரில் கொல்கத்தாவைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு அந்த ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்று ஆனது. போனேன். மானிக்தலா மார்க்கெட்டில் மீன்காரர்கள் மேடை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் நிமிர்ந்து நிற்கும் அரிவாள்மணையில் மீனை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, துண்டு துண்டாக விழுகிறது. அங்கே ராஜா ஹில்சாதான். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் மீன். ஆந்திராவில் கோதாவரிக்கரையில் ‘புலஸ’ என்று காசைக் கொட்டி வாங்குகிறார்களே, அதே மீன்தான். கொழுப்பு அதிகம், முள்ளும் அதிகம். அதைக் கடுகு விழுதும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் தடவி மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேகவைக்கிறார்கள். கடுகை அரைக்கும்போது உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைத்தால் கசப்பு தலைதூக்காது என்று அங்கே ஒரு வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்தார். தாளிக்க மட்டும் கடுகைத் தொடுகிற நமக்கு, கடுகே ஒரு குழம்பாகும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! மூக்கில் சுருக்கென்று ஏறி, உடனே இறங்கி, அடியில் மீனின் இனிப்பு தெரிகிறது. வெங்காயம் கிடையாது, தக்காளி கிடையாது, பட்டை கிராம்பு கிடையாது. மீனை மறைக்க எதுவுமே இல்லை. ஸ்டைனுக்கு வங்காளச் சமையல் ஏன் பிடிக்கும் என்பது ஒரே வாய்ச் சோற்றில் எனக்கு விளங்கிவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்தில் ஒரு கடலோர உணவகத்தில் ஸ்டைன் மீன் குழம்பு சாப்பிட்டார். தொடரோடு சேர்ந்து வந்த புத்தகத்தில் அதன் செய்முறை இருக்கிறது, ‘மெட்ராஸ் ஃபிஷ் கறி’ என்ற பெயரில். சங்கரா மீன், தக்காளி, புளி. அவ்வளவுதான் அடிப்படை. அந்த மீன் எவ்வளவு புதிதாக இருந்தது என்பதைத்தான் அவர் முதலில் நினைவுகூர்கிறார். குழம்புக்குக் கொழுப்புள்ள மீன்தான் தோது என்கிறார். கானாங்கத்தை, மத்தி மட்டும் அல்ல. சங்கரா, கொடுவா, இந்தியா முழுக்கக் கிடைக்கிற பாறை வகைகள் எல்லாமே நன்றாக இருக்கும் என்கிறார். கார்ன்வால்காரர் ஒருவர் நம் பாறை மீனுக்குச் சிபாரிசு செய்வதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் ஊரிலேயே வஞ்சிரத்தையும் வவ்வாலையும் விட்டால் மீனே இல்லை என்று நினைக்கிறவர்கள் எத்தனை பேர்! பாறையின் அருமை குப்பத்துக்காரர்களுக்குத் தெரியும். அடுத்தபடி இவருக்குத் தெரிந்திருக்கிறது.

காரத்துக்கு ஒரு பெயராக மட்டுமே ‘மெட்ராஸ்’ தெரிந்த ஒரு நாட்டு மக்களுக்கு முன்னால், மெட்ராஸ் கடற்கரைக் குழம்பையே கொண்டுபோய் வைத்தார் பாருங்கள், அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு போடவேண்டும்.

அந்தக் குழம்பை நான் வைத்துப் பார்த்தேன். இப்போதும் அடிக்கடி வைக்கிறேன். சென்னை நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் காலையிலேயே போய்விட்டால் நல்ல சங்கரா கிடைக்கும். வழக்கமாக வாங்கும் அக்கா, “கண்ணைப் பாரு, செவுளப் பாரு, ராத்திரி வலையில வந்தது” என்று செவுளைத் தூக்கிக் காட்டுவார். செக்கச்செவேல் என்று இருக்கும். புத்தகத்துக் கணக்கு 700 கிராம் மீன், முள் நீக்கிய சதை. நான் தலையும் வாலும் முள்ளுமாகத்தான் போடுகிறேன். முள்ளில்லாமல் என்ன குழம்பு! எண்ணெயில் மஞ்சள் கடுகு பொரிந்ததும் வெங்காயம், பூண்டு வதக்கி, கறிவேப்பிலையை முப்பது இலை வரைக்கும் தாராளமாகப் போடச் சொல்கிறார். பிறகு காஷ்மீரி மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள். 400 கிராம் தக்காளி, 100 மில்லி புளிக்கரைசல், பச்சைமிளகாய். குழம்பு நன்றாகக் கொதித்து ஒன்றுகூடிய பிறகு, கடைசியில்தான் மீன் சட்டிக்குள் இறங்குகிறது. மெல்லக் கொதிக்கிற குழம்பில் சில நிமிஷம். வெந்ததும் இறக்கிவிட வேண்டியதுதான்.

அந்தக் கடைசிச் சில நிமிஷத்தில்தான் பேட்ஸ்டோ தெரிகிறது. நம் வீடுகளில் பலர் மீனைப் போட்ட பிறகும் எண்ணெய் பிரியட்டும் என்று கொதிக்கவிடுகிறோம். குழம்பு ருசிக்கும், மீன் சக்கையாகிவிடும். ஸ்டைன் குழம்பின் ருசியைக் குழம்பிலேயே முடித்துவிட்டு, மீனை மீனாகவே சாப்பிடச் சொல்கிறார். விரலால் தொட்டால் பிதிர் பிதிராக விட்டுவரும் சதை, மேலே புளியும் தக்காளியும் இழுத்த உறைப்பு. வெள்ளைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்ட அன்றே நான் அவருடைய அடிமை!

என் மாமியார் முதல் கவளம் வாயில் போட்டதும், “வெந்தயம் போடலையாம்மா?” என்றார். போடவில்லை, செய்முறையில் இல்லை. சின்ன வெங்காயம் இல்லை, நல்லெண்ணெய் இல்லை, தேங்காயும் இல்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நம்ம கொழம்பு இது இல்ல. ஆனா மீனு ரொம்ப நல்லா இருக்கு” என்று சொல்லி இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். ஸ்டைன் கேட்டிருந்தால் இதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை என்றிருப்பார் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் நான் நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்துவிடுகிறேன். மீனை மட்டும் அவர் சொன்ன நேரத்துக்குமேல் கொதிக்கவிடுவதில்லை. மறுநாள் காலை இட்லிக்கு மிஞ்சினால் அது ஒரு தனிச் சொர்க்கம். அந்த ரகசியத்தை அவருக்கு யாராவது சொல்லியிருந்தால் இன்னொரு பகுதி எடுத்திருப்பார்.

மாமல்லபுரத்துக்கும் போய் உட்கார்ந்தேன். ஒத்தவாடைத் தெருவில் கடலைப் பார்த்த உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. தட்டில் அன்றைய மீன்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கைகாட்டினால் சமைத்து வருகிறது. கீழே மணலில் படகுகள், கொஞ்சம் தள்ளிக் கடற்கரைக் கோயில். எல்லாரும் வறுவலும் கிரில்லும் கேட்கிறார்கள். நான் குழம்பும் சோறும்தான் கேட்டேன். கொண்டுவந்த தம்பி முகத்தில் ஒரு சந்தோஷம் பார்க்கவேண்டுமே!

ஸ்டைனிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, அவர் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. கற்றுக்கொடுப்பவரின் கையைப் பார்க்கிறார், இடையில் புகுந்து கரண்டியைப் பிடுங்குவதில்லை. ருசி பிடித்துவிட்டால் அவருக்கு வார்த்தை தட்டுப்படாமல் போகிறது; ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஒரு வாய் எடுக்கிறார். தொலைக்காட்சியில் சும்மா இருப்பதற்குத் துணிச்சல் வேண்டும். கற்றுக்கொண்டதை எல்லாம் கேரளத்தில் காயலோரத்து பங்களா ஒன்றில் அடுப்பு வைத்துத் தானே சமைத்துப் பார்க்கிறார். பின்னால் தண்ணீர், தென்னை, இந்த மனிதர் வியர்த்து வழிய வெங்காயம் வதக்குகிறார். லண்டன் ஸ்டூடியோவில் அந்த வியர்வை வராது. அந்தக் காற்றின் ஈரத்தில், அங்கே பறித்த கறிவேப்பிலையில், அங்கே துருவிய தேங்காயில் சமைத்தால்தான் அந்தச் சமையல் எதற்காக அப்படி இருக்கிறது என்பது பிடிபடும். கேரளத்து மீன்கறியில் புளி மாறி குடம்புளி வந்துவிடுகிறது. கரிமீனை வாழையிலையில் சுற்றிப் பொள்ளிக்கிறார்கள். 2010-இல் அதை மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள் என்றால் எவ்வளவு மரியாதை! ஒரே கடற்கரை, கன்னியாகுமரியைச் சுற்றித் திரும்பியதும் புளிப்பே வேறு புளிப்பு. இன்னும் மேலே கோவாவுக்குப் போனால் வினிகர். மும்பையில் கோலி மீனவர்களின் பொம்பில் மீனை ரவையில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்துத் தருகிறார்கள், உள்ளே வெண்ணெய் போல உருகுகிறது. இந்தியாவைச் சுற்றியுள்ள கடல் ஒன்றுதான், குழம்பு நூறு வகை.

வடக்கே அவர் போன இடங்களிலும் எனக்கு இரண்டு பைத்தியம் பிடித்தது. ஒன்று, லக்னோவின் நிமிஷ். அவருடைய புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் தேடிப் போனேன். பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும். பாலைக் காய்ச்சி இரவு முழுக்கத் திறந்தவெளியில் பனியில் வைத்து, விடியுமுன் கடைந்து கடைந்து நுரையை மட்டும் வழித்தெடுக்கிறார்கள். குங்குமப்பூ, பன்னீர், பிஸ்தா. சௌக் பகுதியில் காலையிலேயே போக வேண்டும், வெயில் ஏறினால் கடையே இருக்காது. காசியில் இதையே மலையோ என்கிறார்கள், டெல்லியில் தௌலத் கி சாட். வாயில் வைத்ததும் காணாமல் போகிற அந்த இனிப்புக்காக இன்னொரு டிசம்பர் லக்னோ போகத் தயார்.

இன்னொன்று அமிர்தசரஸ். பொற்கோயிலின் இலவச உணவுக்கூடமான லங்கரில் ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் பேர் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் என்ன என்று ஒரு கேள்வி இல்லை. பருப்பு, ரொட்டி, கீர். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். சமைப்பவர்களும் பாத்திரம் துலக்குபவர்களும் பெரும்பாலும் சேவைக்காக வந்தவர்கள். சாப்பிட்டு எழுந்து நானும் போய் ஒரு மூலையில் பூண்டு உரிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பேச மொழி இல்லை, பூண்டு இருந்தது.

ராஜஸ்தானின் லால் மாஸ் என்ற ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. மதானியா மிளகாயின் அந்தச் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அது இன்னொரு நாளைக்கு.

குறையே இல்லையா என்றால், ஆறு பகுதிக்குள் இந்தியா அடங்காது, அது யார் எடுத்தாலும் அப்படித்தான். பஸ்தர் காட்டுச் செவ்வெறும்புத் துவையலைப் பார்க்க வேண்டும் என்றால் ராம்சேவின் தொடரைத்தான் நாடவேண்டும். மதுர் ஜாஃப்ரி போல வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்துக்குள் ஆழமாக இறங்குவது ஸ்டைனால் எல்லா இடத்திலும் முடியவில்லை. மொழி தெரியாத விருந்தாளிக்கு அது கஷ்டம்தான். ஆனால் கடல் என்று வந்துவிட்டால் அவருக்கு மொழியே தேவைப்படவில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்குப் பேட்ஸ்டோவிலும் நொச்சிக்குப்பத்திலும் ஒரே விரல்தான்.

இந்தியச் சமையலைத் தேடி வந்த தொலைக்காட்சிப் பயணங்களில் மீனுக்காகப் பார்க்கவேண்டியது இது ஒன்றுதான் என்பது என் தீர்ப்பு. எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். பார்க்க உட்காரும் முன் மீன் வாங்கி வைத்துவிடுங்கள், பார்த்து முடித்தபின் கடைக்கு ஓடும் பொறுமை உங்களுக்கு இருக்காது. சங்கரா கிடைக்கவில்லை என்றால் பாறை போதும்.